ஓதிக் கொடுத்த தண்ணீர்

ஷேக் பரீதைச் சந்திக்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். ரயிலில் எதிரே உட்கார்ந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் மாமனார் கேட்டிருக்கிறார். உத்தியோகமோ மைக்ராஸ்கோப்பில் கிருமி பார்ப்பது; நெற்றியிலோ தொழுது தொழுது காய்த்த தழும்பு. இரண்டும் எப்படி அய்யா ஒரே ஆளுக்குள் குடித்தனம் நடத்துகின்றன?

பரீதுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். ரொம்பவே பிடிக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நிதானமாகப் பதில் சொல்வார். "ரெண்டுக்கும் சண்டையே இல்லைங்க. உறுதியாத் தெரியாம வாயத் தொறக்காதேன்னு மார்க்கம் சொல்லுது. லேபும் அதையேதான் சொல்லுது." சின்ன வயதில் மதரசாவில் ஓதிய கிதாபிலிருந்து உதாரணமும் கொடுப்பார். தண்ணீர் சுத்தம் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். அசுத்தம் என்று உறுதிப்படாத வரை, வெறும் சந்தேகத்தை வைத்து அதைத் தள்ளக் கூடாது. ஆய்வுக்கூடத்திலும் அதே கதைதான், கடைசிச் சோதனை முடியாமல் ஒரு கிருமிக்குப் பேர் சூட்டக் கூடாது. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பரீதுக்கு அன்றைய சாப்பாடு கூடுதலாக ருசிக்கும்.

மனிதர் கெட்டவர் இல்லை. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அவர் அங்கே காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். ராஜா போய்விட்டார் என்று ஊரே கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்த நாளில், பரீது புதுக்குளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டை முதன்முதலாக மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அத்தனை உயிர்கள் அதில் ஓடியாடுவதைக் கண்டதும் "சுப்ஹானல்லாஹ்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். வகுப்பே சிரித்தது. முதலில் படத்தை வரைந்து முடி, அப்புறம் சாமி கும்பிடலாம் என்றார் வாத்தியார். பரீது படத்தையும் ஒழுங்காக வரைந்தார். அதற்குப் பிறகு மதராசில் படிப்பு, அரசாங்கச் சுகாதாரத் துறையில் வேலை, கொள்ளைநோய் கண்ட ஊர்களுக்குப் பெட்டியும் வேனுமாகப் போகிற குழுவில் இடம். எந்த ஊரில் கூடாரம் அடித்தாலும் ஐந்து வேளைத் தொழுகை தவறியதில்லை. எந்த அவசரத்திலும் ஒரு சோதனையைப் பாதியில் விட்டதும் இல்லை.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அந்த மார்கழிப் புயலுக்குப் பிறகு, குழு அவருடைய சொந்த ஊருக்கே வர நேர்ந்தது. அறந்தாங்கிக்குக் கிழக்கே, கடலோரத்து ஊர். பேர் வேண்டாம், அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. கடல் ஊருக்குள் ஏறி இறங்கியதில் ஊருணி உப்பாகிவிட்டது, கிணறுகளில் பாதி மண் மூடிவிட்டது. நல்ல தண்ணீர் என்று மிஞ்சியது பள்ளிவாசல் ஹவுல் ஒன்றுதான். தொழ வருகிறவர்கள் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்கிற கல்தொட்டி அது. சின்னக் குளம் அளவுக்கு இருக்கும். பள்ளிக்குள்ளேயே இருக்கிற கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றுவார்கள். புயலுக்குப் பிறகு முஸ்லிம் தெரு, மீனவர் தெரு என்ற பேதம் இல்லாமல் எல்லோரும் அதில்தான் மொண்டு குடித்தார்கள். பள்ளியின் நாட்டாண்மை காஜா மைதீன், பரீதுக்குத் தாய்மாமன், வாசல் கதவை அகலத் திறந்துவைத்து "யாரும் கேட்டுக்கிட்டு நிக்க வேணாம், எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லியிருந்தார். நல்ல மனசால் வந்த வினை என்று சொன்னால் மனிதர் தாங்கமாட்டார். ஆனால் அதுதான் நடந்தது.

ரமலான் பிறந்து பாதி ஆனபோது மீனவர் தெருவில் காலரா கண்டது. குழு பள்ளிக்கூடத்தில் இறங்கி, மைதானத்தில் கூடாரமும் அடித்தது. பரீது எல்லாத் தண்ணீரிலும் மாதிரி எடுத்தார், ஹவுலிலும் எடுத்தார். மறுநாள் ஹவுல் தண்ணீரை வளரவிட்ட சோதனைக் குழாயில் மேலே மெல்லிய ஆடை படர்ந்திருந்தது. அதில் ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், வளைந்த சிறு கிருமிகள் கண் இமைக்கும் வேகத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்தன.

இருந்தாலும் அது காலராதான் என்று சொல்லிவிட முடியாது. குளத்துத் தண்ணீரில் இதே உருவில், இதே வேகத்தில், யாரையும் எதுவும் செய்யாத கிருமிகள் உண்டு. பிரித்துச் சொல்ல ஒரே வழி சீரம். ஒரு சொட்டு விட்டால் காலராக் கிருமி பால் திரிவதுபோல் திரிந்து கட்டிகட்டியாகும். மற்றது கலங்கலாகவே நிற்கும். கையிலிருந்த சீரம் புயலில் கரண்டு போனபோது கெட்டுவிட்டது. புதிதாக மதராசிலிருந்து வர வேண்டும். மதராசிலோ இந்தி எதிர்ப்புக் கலவரம். ரயிலும் தபாலும் ஓடாமல் கிடந்தன.

குழுவின் ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஆத்மநாதன் விபூதிப் பட்டையும் முரட்டுக் குரலுமான ஆள். "எதுக்கு சார் காத்துக்கிட்டு இருக்கணும்? ஹவுல்ல நாலு டப்பா பிளீச்சிங் பவுடரக் கொட்டிருவோம்" என்றார்.

"கொட்டினா தண்ணியோட வாடை மாறிரும், ஆத்மநாதன். எங்க மத்ஹபு, அதான் எங்க சட்டப் பிரிவு, அதுப்படி வாடை மாறுன தண்ணியில ஒளு சரியா வராது. இது ரமலானோட கடைசிப் பத்து நாளு. ஊரே பள்ளியிலதான் கெடக்கும். சும்மா ஒரு சந்தேகத்துக்கு எப்புடி மூடச் சொல்றது?"

"அப்ப உறுதியாகட்டும்கிறீங்க."

"உறுதியாகட்டும்."

அதற்காக அவர் சும்மா இருந்துவிடவில்லை. மாமுவிடம் போய் விஷயத்தைச் சொன்னார். காஜா மைதீன் தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்திவிட்டு மருமகனை நேராகப் பார்த்தார். "இங்க பாரு பரீது. நான் படிக்காத ஆளு. அதுல நோய் இருக்குன்னு ஒரு வார்த்தை நீ சொன்னேன்னா, இந்த நிமிசமே அடச்சிர்றேன். பள்ளியவிட மனுச உசுரு பெருசு. இருக்கா, இல்லையா?"

எத்தனை சுலபமாகக் கேட்டுவிட்டார். ஊர் எதிர்க்கும், பழமை குறுக்கே நிற்கும் என்றெல்லாம் பரீது மனதுக்குள் தயார் செய்துகொண்டு போயிருந்த வாதங்களுக்கு அங்கே வேலையே இல்லை. கதவு திறந்திருந்தது, உள்ளே போக அவருக்குத்தான் கால் வரவில்லை.

"இப்பத்திக்கு உறுதியாச் சொல்ல முடியல மாமு. மருந்து வரணும்."

"சரி, வரட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி மணியை உருட்ட ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்ததும் பரீது மனைவி ரமீஜாவைக் கூப்பிட்டார். "தண்ணி எதுவானாலும் கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும். புள்ளைக்குப் பச்சைத் தண்ணி ஒரு சொட்டு குடுக்கக் கூடாது. பாத்திரம் கழுவுறதும் வெந்நியிலதான்." மகள் சம்சுன் நிஹாருக்கு அப்போது எட்டு வயது. ரமீஜா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அடுப்பில் பானையை ஏற்றினாள்.

மறுநாள் அந்தியில் மஃரிப் தொழுகை முடிந்து பரீது வெளியே வந்தார். பள்ளி வாசலில் வழக்கம்போலப் பெண்கள் சொம்பும் டம்ளருமாக நின்றார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் அந்தத் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்குப் பயம், காய்ச்சல், கண்ணேறு எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. முஸ்லிம் வீட்டுப் பெண்களை விடவும் மீனவர் தெருப் பெண்கள்தான் அதிகம் வருவார்கள். மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு மருதாயி பரீதிடம் வந்தாள். புயலுக்கு முந்தின நாள் கடலுக்குப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. இரண்டு பையன்கள். மூத்தவன் வீரய்யா அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையிலிருந்த சொம்பில் ஹவுல் தண்ணீர் தளும்பியது.

"தூங்குறப்பத் தூக்கிவாரிப் போட்டு எந்திரிக்கிறான் டாக்டரய்யா. அலை வருது, அலை வருதுன்னு கத்துறான். நீங்க ஓதுனா நல்லாயிரும்னு எல்லாரும் சொல்றாக. நீங்க டாக்டரு, தொழுகையாளியும்கூட. ரெண்டும் ஒருத்தருகிட்ட எங்க கெடைக்கும்?"

இந்தப் பாராட்டுக்கு மயங்கினாரா, கூட்டத்துக்குப் பயந்தாரா என்று பின்னால் அவர் தன்னையே எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டதுண்டு. சொம்பை வாங்கினார். குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதினார், குனிந்து ஊதினார். திருப்பிக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "இதக் கொதிக்க வச்சுக் குடு தங்கச்சி" என்றார்.

மருதாயி குழம்பிப் போனாள். "கொதிக்க வச்சா, ஓதுனதும் ஆவியாப் போயிராதா?"

விளையாட்டாகக் கேட்கவில்லை அவள், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். போகாது, கொதிக்க வை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பரீது யோசித்தார். ஓதிய ஊதலின் அருள் சூட்டில் தங்குமா, போகுமா? எந்தக் கிதாபிலும் அவர் படித்ததில்லை; எந்த ஆய்வுக்கூடத்திலும் அளந்ததில்லை. தெரியாத விஷயத்தில் வாய் திறந்து பழக்கம் இல்லாத மனிதர், அங்கேயும் திறக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். அந்தப் பையன் அங்கேயே சொம்பில் வாய் வைத்துக் குடித்ததைப் பரீது தம் கண்ணாலேயே பார்த்தார்.

வீரய்யாவுக்கு வாந்தியும் பேதியும் கண்டபோது கூடாரத்துக்குத் தூக்கிவந்தார்கள். சலைன் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. கண்கள் உள்ளே போய், விரல்கள் ஊறிச் சுருங்கி, குரலும் போய்விட்டது அவனுக்கு. வேனில் போட்டு அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே அடங்கிப்போனான். மருதாயி அழுத சத்தம் ஊருக்கே கேட்டது. பரீது பரிசோதனைப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, சீரம் இல்லாமல் சோதனை நிற்கிற அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போனதும் ரமீஜாவிடம் பையன் போனதைச் சொன்னார். ஓதிக் கொடுத்ததையும் சொல்லிவிட்டார். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. ரமீஜா கொதித்த தண்ணீரைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"அந்தத் தண்ணியத்தான் எம்புள்ளைக்கு ஒரு சொட்டு குடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்களா?"

"சந்தேகம்தான் இருந்துச்சு ரமீஜா. உறுதியாத் தெரியாம எப்புடி..."

"நம்ம வீட்டுக்கு மட்டும் சந்தேகமே போதும்னு இருந்துச்சாக்கும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இத்தனை வருஷமாக மார்க்கம் என்றும் விஞ்ஞானம் என்றும் பெருமையாகக் கட்டிவைத்திருந்ததெல்லாம், தம் வீட்டு அடுப்பங்கரை வரைக்கும்கூட வரவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

கிளம்பி நேராகப் பள்ளிக்குப் போனார். மாலை அஸர் தொழுகைக்கு ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். காஜா மைதீன் ஹவுல் கரையில் ஒளுச் செய்ய உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பள்ளி இமாமான ஹஜ்ரத்.

"மாமு, கைய எடுங்க. இதுல நோய் இருக்கு."

"மருந்து வந்துருச்சா?"

"வந்துருச்சு. பாத்துட்டேன். உறுதியா இருக்கு."

நோன்பு வைத்த வாயால், அல்லாஹ்வின் வீட்டுக்குள் நின்றுகொண்டு, முழுப் பொய். ஆய்வுக்கூடத்துக்கும் அதே பொய்தான். இரண்டு இடத்திலும் இதைவிடப் பெரிய குற்றம் இல்லை என்று நம்பி வளர்ந்த மனிதர், ஒரே வாக்கியத்தில் இரண்டையும் செய்துவிட்டார்.

காஜா மைதீன் கையை உதறிவிட்டு எழுந்தார். ஆட்களைக் கூப்பிட்டுத் தட்டி கட்டச் சொன்னார். ஆத்மநாதன் பிளீச்சிங் பவுடரோடு ஓடிவந்தார். உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து மாட்டு வண்டியில் பீப்பாய்த் தண்ணீர் கொண்டுவர ஏற்பாடு நடந்தது. முணுமுணுத்தவர்கள் இரண்டொருவர்தான், தண்ணீர் இல்லாத நேரத்தில் சுத்தமான மண்ணைத் தொட்டுச் செய்கிற தயம்மும் இருக்கிறது என்று ஹஜ்ரத் சொன்னதும் அவர்களும் அடங்கிவிட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஹஜ்ரத் பரீதின் அருகே வந்தார்.

"இத்தனை நாளா ஒங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சாமே? நாட்டாண்மை சொன்னாக. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி. உசுருக்கு ஆபத்துன்னா, விவரம் தெரிஞ்ச வைத்தியனுக்கு அப்புடித் தோணுனாலே போதும். அதுவும் கிதாபுலதான் இருக்கு."

பரீது கேட்டதே இல்லை. தமக்குத் தெரியும் என்று நினைத்திருந்தார். மார்க்கத்தில் பாதி, விஞ்ஞானத்தில் பாதி என்று தமக்கு வசதியானதை மட்டும் எடுத்து ஒட்டுப்போட்டு, அதைச் சமாதானம் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். இருந்த ஆத்திரத்தில் தம் கன்னத்தில் தாமே அறைந்துகொள்ளத் தோன்றியது. ஹஜ்ரத் எதிரே நின்றதால் சும்மா இருந்தார்.

பெருநாளுக்கு முன்பு ஒருவழியாகச் சீரம் வந்து சேர்ந்தது. ஆத்மநாதன் பார்சலைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். ஹவுலை மூடவைக்கப் பரீது சொன்னது பொய் என்பது ஆத்மநாதனுக்கு மட்டும்தான் தெரியும். நல்ல வெயில் நேரம். ஜன்னல் வெளிச்சத்தில் பரீது கண்ணாடித் தகடைத் துடைத்தார். ஹவுலிலிருந்து வளர்த்துவைத்த கிருமியில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்தார். சீரத்தை உறிஞ்சி எடுத்தார். எந்தச் சோதனைக்கு முன்னாலும் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு சின்ன துஆக் கேட்பது அவர் வழக்கம்.

என்ன கேட்பது?

திரிந்தால், அந்தப் பிள்ளையின் கையில் விஷத்தைக் கொடுத்தது அவர்தான். திரியாவிட்டால், அல்லாஹ்வின் வீட்டைப் பொய் சொல்லி மூடினவர், புனிதமான நாட்களில் ஊரையே மண்ணில் கை தடவ வைத்தவர். இரண்டில் எது வேண்டும் என்று கேட்பது? வாழ்நாளில் முதல்முறையாக ஷேக் பரீதுக்கு இறைவனிடம் கேட்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஒன்றும் கேட்காமலே சொட்டை விட்டார்.

தகடை இப்படியும் அப்படியும் சாய்த்தார். கொஞ்ச நேரம் கலங்கலாக இருந்தது. பிறகு சின்னச் சின்னக் குறுணைகளாகத் திரிந்து, நடுவில் தெளிந்த நீர் தெரிந்தது.

ஆத்மநாதன் எட்டிப் பார்த்தார். "அப்பாடா. நல்ல வேளை சார். நீங்க அன்னைக்கு அப்புடிச் சொல்லாட்டி ரெண்டு தெருவும் காலியாயிருக்கும்." பரீதின் தோளில் தட்டிவிட்டு, சந்தோஷமாகத் தந்தி எழுதப் போனார். பரீது அந்தக் குறுணைகளைப் பார்த்தபடியே இருந்தார். அழுகைகூட வரவில்லை.

நோய் அடங்கிக் கூடாரம் பிரிக்கிற அன்று மருதாயி வந்தாள். இளையவன் பிச்சைமுத்து அவள் கையைப் பிடித்திருந்தான். தலைக்கு எண்ணெய் தடவி, சட்டை போட்டுக் கூட்டிவந்திருந்தாள்.

"இவனாவது நல்லா இருக்கணும் டாக்டரய்யா. தலையில ஒரு தடவ ஓதி ஊதுங்க."

பரீது பையனின் தலையில் கை வைத்தார். உதடு மட்டும் அசைந்தது. நெற்றியில் மெல்ல ஊதினார். மருதாயி போகாமல் நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும். மனசு அறுத்துக்கிட்டே கெடக்கு. அன்னைக்கு நீங்க ஓதிக் குடுத்தத பெரியவன் பாதிதான் குடிச்சான். மிச்சத்தத் தட்டி விட்டுட்டான். நானும் சரி போன்னு விட்டுட்டேன். முழுசாக் குடிக்க வச்சிருந்தா பொழச்சிருப்பான்ல? எம்மேலதான தப்பு?"

விதி என்று சொல்லியிருக்கலாம், அவளும் தலையாட்டியிருப்பாள். பையனுக்கு வேறு எங்கிருந்தாவது தொற்றியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொல்லியிருக்கலாம். விஞ்ஞானமும் அதை மறுக்காது. இரண்டு வார்த்தைகளும் பரீதின் வாய் வரைக்கும் வந்தன. இரண்டையும் விழுங்கினார்.

"ஒம்மேல தப்பு இல்ல தங்கச்சி. அந்தத் தண்ணியிலதான் நோய் இருந்துச்சு. அதக் குடிச்சுத்தான் போனான்."

மருதாயி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஊதுறப்ப ஒங்களுக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"ஒங்க வீட்டுப் புள்ளைக்கு அதக் குடுத்தீங்களா?"

"இல்ல."

மருதாயி திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. பையனைத் தன் பக்கமாக இழுத்தாள். முந்தானையைச் சுருட்டிப் பிடித்து, அவர் ஊதிய அந்த நெற்றியை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். பிள்ளை வலிக்குது என்று சிணுங்கியும் விடாமல் துடைத்துவிட்டு, அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.